பேட்டரி லைட் மினுக்கும், அணையும்: வந்து வந்து போற சார்ஜிங் ஃபால்ட்டைப் பிடிக்கிறது எப்படி

பிக்கப் வண்டியில சார்ஜிங் சுத்தமா நின்னுபோச்சுன்னா கவலையே இல்ல, மீட்டர் வச்சா உடனே தெரிஞ்சுடும், மாத்த வேண்டியதை மாத்திட்டு கிளம்பிடலாம். உயிரை எடுக்குறது வந்து வந்து போற ஃபால்ட் தான். ஓடிட்டு இருக்கும்போது பேட்டரி லைட் லேசா மினுக்கும், ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினதும் அணைஞ்சுடும், ரெண்டு நாள் கழிச்சு காலைல செல்ஃப் எடுக்காது, பட்டறைக்குக் கொண்டுபோனா 14.2 வோல்ட் காட்டும், எல்லாம் சரியாத்தானே இருக்குன்னு அனுப்பிடுவாங்க. இல்லன்னா முதல்ல பேட்டரிய மாத்துவாங்க, அப்புறம் பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரையும் மாத்துவாங்க, அதுக்கப்புறமும் அதே லைட் அதே மாதிரி மினுக்கும். என்னைக் கேட்டா, எந்த பார்ட் போச்சுன்னு தேடுறதுக்கு முன்னாடி எப்போ போகுதுன்னு கவனிக்கணும். சூடு ஏறினப்புறமா, குலுங்கும்போதா, ஏசி ஹெட்லைட்னு லோடு போட்டாவா, ஆர்பிஎம் ஏத்துனாவா, இதுல ஏதாவது ஒண்ணு பெரும்பாலும் ஃபால்ட் கூடவே சேர்ந்து வரும்.

ஆல்டர்னேட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா இது ஏன்னு புரியும். நடுவுல சுத்துற ரோட்டர் ஒரு மின்காந்தம், அதுக்கு ரெண்டு கார்பன் பிரஷ் வழியா சில ஆம்பியர் கரண்ட் மட்டும் போகுது, அது சுத்துறப்போ வெளில இருக்கிற ஸ்டேட்டர் காயில்ல மூணு ஃபேஸ் ஏசி உண்டாகுது, டையோடுங்க அதை டிசியா மாத்தி பேட்டரிக்கு அனுப்புது. ரெகுலேட்டரோட வேலை என்னன்னா ரோட்டருக்குப் போற அந்த சின்ன கரண்ட்டைக் கூட்டிக் குறைச்சு அவுட்புட்டை 13.8ல இருந்து 14.7 வோல்ட்டுக்குள்ள நிறுத்துறது. அதாவது 100 ஆம்பியர் வரைக்கும் வர்ற பெரிய கரண்ட்டை ஆட்டிவைக்கிறது 4, 5 ஆம்பியர் தான், அந்த சின்ன பாதையில ஒரு இடத்துல காண்டாக்ட் விட்டா மொத்த சார்ஜும் போயிடும்.

அந்தப் பாதையில ரொம்ப தேயுறது பிரஷ் தான். தேஞ்சு குட்டையானா பின்னாடி ஸ்பிரிங்கோட அழுத்தம் குறைஞ்சுடும், வண்டி குலுங்குறப்போ ஸ்லிப் ரிங்ல (ரோட்டர்ல பிரஷ் உரசுற வளையம்) இருந்து துள்ளும், சார்ஜ் விட்டுவிட்டு வரும். லைட் எரிஞ்சுட்டு இருக்கிற நேரத்துல, பெல்ட்டும் ஃபேனும் பக்கத்துல சுத்துதுங்கிறத மனசுல வச்சுக்கிட்டு, சுத்தியல் கைப்பிடி மாதிரி ஒரு கட்டையால ஆல்டர்னேட்டர் பின்பக்கம் மெதுவா தட்டிப் பாருங்க, உடனே லைட் அணைஞ்சா சந்தேகம் பிரஷ் மேலதான். சில டீசல் பிக்கப்ல பிரேக்குக்கான வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டரோட பின்னாடியே மாட்டியிருக்கும், அதோட சீல் போய் ஆயில் உள்ள இறங்கி பிரஷ்ஷை நனைச்சிருந்தா சீலை மாத்தாம புது பிரஷ் போட்டு பிரயோஜனமே இல்ல, கொஞ்ச நாள்ல அதுவும் நனைஞ்சுடும்.

பேட்டரி லைட்டும் நிறைய விஷயம் சொல்லும், ஆனா யாரும் அதை கவனிக்கிறதில்ல. பழைய மாடல் வண்டிங்கள்ல அந்த பல்போட ஒரு முனை இக்னிஷன் பக்கமும் இன்னொரு முனை ஆல்டர்னேட்டர் பக்கமும் இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் இருந்தா பல்ப் எரியாது. பளிச்னு எரிஞ்சா ஆல்டர்னேட்டர் ஒண்ணுமே குடுக்கலன்னு அர்த்தம், மங்கலா எரிஞ்சா ரெண்டு முனைக்கும் நடுவுல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, அது ஒரு டையோடு போனதா இருக்கலாம், ஒயர்ல வோல்டேஜ் விழுறதா இருக்கலாம். டையோடு சந்தேகத்துக்கு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி, இன்ஜின் ஓடும்போது பேட்டரி மேல வைங்க, அரை வோல்ட்டுக்கு மேல ஏசி வந்துச்சுன்னா டையோடு போயிருக்கு.

பிக்கப்ல எனக்கு அதிக சந்தேகம் வர்றது ஒயர், எர்த் பக்கம் தான். இன்ஜின் ரப்பர் மவுண்ட்ல உக்காந்திருக்கு, கேபினும் சேஸிஸ் மேல ரப்பர்ல தான் உக்காந்திருக்கு, இதையெல்லாம் கரண்ட்டுக்காக இணைக்கிறது நாலஞ்சு எர்த் ஒயர் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போற பாதை) மட்டும் தான், அதுங்க எல்லாம் சேறும் தண்ணியும் படுற இடத்துல. மேல பாத்தா நல்லா இருக்கும், லக்குக்கு (ஒயர் முனையில இருக்கிற உலோக வளையம்) அடியில பச்சையா பூத்திருக்கும். இதுல 0.02 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தாலே போதும், 60 ஆம்பியர் போறப்போ 1.2 வோல்ட் அங்கேயே விழுந்துடும், ஆல்டர்னேட்டர்ல 14.3 இருந்தாலும் பேட்டரிக்கு 13.1 தான் போய்ச் சேரும், மிச்சம் 72 வாட் அந்த ஜாயிண்டை சூடாக்குறதுக்கு, சூடானா ஜாயிண்ட் இன்னும் கெடும். இந்த 0.02 ஓமை ஓம் மீட்டர்ல பாக்கவே முடியாது, சாதாரண மல்டிமீட்டரோட ரெண்டு ஒயருக்கே அதைவிட ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, அதோட ஒரே ஒரு இழை மட்டும் மிச்சம் இருக்கிற கேபிளைக் கூட ஓம் மீட்டர் "நல்லா இருக்கு"ன்னு தான் காட்டும்.

அதனால வோல்டேஜ் டிராப் தான் பாக்கணும். இன்ஜினை 1500, 2000 ஆர்பிஎம்ல வச்சு, ஹெட்லைட் புளோயர் எல்லாத்தையும் போட்டுட்டு, மீட்டரோட ஒரு முனையை ஆல்டர்னேட்டரோட பெரிய அவுட்புட் ஸ்டட் (ஒயர் மாட்டுற போல்ட்) மேல வைங்க (நட்டு மேலயோ லக்கு மேலயோ இல்ல, ஸ்டட் மேலயே, ஏன்னா கெட்ட ஜாயிண்ட் அந்த நட்டுக்கு அடியிலயே இருக்கலாம்), இன்னொரு முனையை பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட் மேல. அரை வோல்ட்டைத் தாண்டுனா நடுவுல எங்கயோ கோளாறு, மெயின் ஃபியூஸோட போல்ட்டுல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஜாயிண்டா மீட்டரை நகர்த்துங்க, இடம் தானா மாட்டும். அதே மாதிரி ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல 0.2க்கு மேல வந்தா எர்த் பக்கம்.

நிக்கும்போது ஃபால்ட் வரலன்னா ஓட்டிக்கிட்டே பிடிக்கணும். ஸ்டட்ல இருந்து ஒண்ணு, பேட்டரில இருந்து ஒண்ணுன்னு நீள ஒயர் இழுத்து (முனையிலேயே சின்ன ஃபியூஸ் போட்டு) கேபினுக்குள்ள ரெண்டு மீட்டர் வச்சு, பக்கத்துல ஒருத்தரை உக்காரவச்சுப் பாக்கச் சொல்லுங்க. லைட் மினுக்குற நேரத்துல ஸ்டட்ல 14க்கு மேல நின்னு பேட்டரி மட்டும் 12.3க்கு விழுந்தா ரெண்டுக்கும் நடுவுல ஒயர், ரெண்டும் சேர்ந்து விழுந்தா ஆல்டர்னேட்டர், பெல்ட், இல்லன்னா அதுக்குப் போற சின்ன ஒயர் கப்ளர் (பிளக்). சூடானா மட்டும் போகுது, ஆறினா வருதுன்னா ரெகுலேட்டரோ ரோட்டர் காயிலோ, காயில்ல ஒரு கம்பி விட்டிருந்தா குளிர்ல தொட்டுக்கிட்டு இருக்கும், சூட்டுல விரிஞ்சு பிரிஞ்சுடும். மழையில மட்டும் போகுதுன்னா பெல்ட் ஸ்லிப் ஆகுதான்னு முதல்ல பாருங்க.

புது வண்டிங்கள்ல ஒரு விஷயம், இசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) வேணும்னு சார்ஜிங்கைக் குறைக்கும், பேட்டரி நிறைஞ்சிருந்தா 12.8 காட்டுறது கூட சரியா இருக்கலாம், லோடு போட்டும் ஏறலன்னா தான் சந்தேகப்படணும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பாக்குற பழைய பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க. பேட்டரி இல்லாத அந்தக் கணத்துல வோல்டேஜ் 40க்கு மேல கூட துள்ளும், ரெகுலேட்டர், இசியூ எல்லாம் சேர்ந்து போயிடும். ஃபால்ட்டைக் கண்டுபிடிச்சு சரி பண்ணப்புறம் பேட்டரிய வெளி சார்ஜர்ல முழுசா ஏத்திட்டு மாட்டுங்க, காலியான பேட்டரிய ஆல்டர்னேட்டரே ஏத்தட்டும்னு விட்டா டையோடு ரொம்ப நேரம் கொதிக்கும். அப்புறம் முன்னாடி எந்த சூட்டுல, எந்த லோடுல, எந்த மாதிரி ரோட்டுல லைட் மினுக்குச்சோ அதே நிலைமையில, அந்த ரெண்டு மீட்டரையும் கழட்டாம, இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க.