டாமி ஜானுக்கு நடந்தது என்ன? பேஸ்பால் பிள்ளைகளின் பெற்றோருக்கு

பையனின் முழங்கைத் தசைநாரில் (எலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நார்) கிழிசல் ஏதும் இல்லை என்று ஸ்கேன் அறிக்கையைக் காட்டி விளக்கிய பிறகும், “அப்படியானால் டாமி ஜான் அறுவை சிகிச்சையை இப்போதே செய்துவிடலாமா, பந்தின் வேகம் கூடுமாமே” என்று பதினான்கு வயதுப் பையனின் தந்தை ஒருவர் அண்மையில் கேட்டார். அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் தோள், முழங்கைக் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவராகிய எனக்கு இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய்விட்டது. யாருடைய பெயரைச் சொல்லிக் கேட்கிறார்களோ, அந்த மனிதரின் கதையையாவது முழுமையாகத் தெரிந்துகொண்டு வரலாம்.

இந்தியானா மாநிலத்தில் 1943-இல் பிறந்த இடக்கைப் பிட்சர் (பந்தை எறிபவர்) டாமி ஜான், 1963-இல் கிளீவ்லாந்து அணியில், அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பாலான மேஜர் லீக் ஆட்டத்தைத் தொடங்கினார். 1974-ஆம் ஆண்டுப் பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 13 வெற்றி, 3 தோல்வி என்று உச்சத்தில் இருந்தபோது, ஜூலை 17 அன்று மான்ட்ரியல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்தது. அதுவரை அந்தக் காயம் பட்ட பிட்சருக்கு ஓய்வு பெறுவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. செப்டம்பர் 25 அன்று டாக்டர் பிராங்க் ஜோப், ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று இன்று சொல்வது இதைத்தான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் நடுவில் கயிறு போலப் புடைத்து நிற்குமே, அதுதான் அந்தத் தசைநாண். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அவர்களுக்குத் தொடையிலிருந்து எடுப்பார்கள். மீண்டும் ஆட நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று சொல்லிவிட்டே ஜோப் கத்தியை எடுத்தார். பின்னர் நரம்பும் பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போனதால், அதே டிசம்பரில் இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. 1975 முழுவதும் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

1976-இல் திரும்பி வந்தவர், 1977-இல் 20, யாங்கீஸ் அணிக்காக 1979-இல் 21, 1980-இல் 22 என்று வெற்றிகளைக் குவித்து, 46 வயதில், 1989-இல்தான் விலகினார். மொத்தம் 288 வெற்றிகள்; அவற்றில் 164 அறுவை சிகிச்சைக்குப் பின் வந்தவை.

பெற்றோர் பிடித்துக்கொள்வது இந்த 164-ஐத்தான். டாமி ஜான் ஒருபோதும் வேகத்தை நம்பிய பிட்சர் அல்லர் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மட்டையை நெருங்கும்போது கீழே இறங்கும் சிங்கர் பந்தை எறிந்து, அடிப்பவரைத் தரையோடு உருளும் அடிகளை அடிக்கவைப்பதே அவருடைய வித்தை. முன்பும் அதுதான், பின்பும் அதுதான். ஒட்டிவைத்த தசைநாண் தானாகச் சுருங்கி விசை தருவதில்லை, எறியும்போது முழங்கை மூட்டு பிளந்துகொள்ளாமல் பிடித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வேகம் காலிலும் இடுப்பிலும் பிறந்து, உடலின் சுழற்சி வழியாகத் தோளை அடைவது. அறுவைக்குப் பின் வேகம் கூடியதாகச் சொல்லும் பையன்கள், ஓராண்டுக்கும் மேலாகக் கைக்கு ஓய்வு கொடுத்து, அன்றாடம் கால், இடுப்பு, தோள் பயிற்சிகளைச் செய்து, அதற்கிடையில் உயரமும் எடையும் கூடியவர்கள். அந்தப் பயிற்சியைக் கத்தி படாமலே செய்யலாம் என்று சொன்னால் மட்டும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை! பழைய நிலைக்குத் திரும்பாமல் ஆட்டத்தையே விட்டவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. ஒட்டியது மறுபடியும் அறுந்தால், இரண்டாவது அறுவையின் பலன் முதலாவதைவிடக் குறைவு.

ஆகவே தயவுசெய்து எண்ணுங்கள். மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் வகுத்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி, ஒரு நாளில் 9, 10 வயதினருக்கு 75 எறிகளும், 11, 12 வயதினருக்கு 85 எறிகளும், 13 முதல் 16 வயது வரை 95 எறிகளும்தான் எல்லை. பதினான்கு வயது வரையுள்ள பிள்ளை ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால், அடுத்த நான்கு நாட்கள் பிட்ச் செய்யக் கூடாது. சனிக்கிழமை பள்ளி அணி, ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகப் போய் ஆடும் பயண அணி என்று பிரித்துக் கணக்குக் காட்டாதீர்கள், இரண்டுக்கும் கை ஒன்றுதான். ஆண்டில் நான்கு மாதமாவது பிட்ச் செய்வதை நிறுத்துங்கள். கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துவந்த இளம் பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு அதிகம் என்று பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு கண்டது. பையன் கையை உதறிக்கொண்டே நிற்பதையும், பந்து குறி தவறி மேலே போவதையும் கண்டால், ஸ்கோர் எதுவாக இருந்தாலும் அவனை வெளியே அழையுங்கள். வலி மாத்திரை கொடுத்து மறுநாள் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். முழங்கையின் உட்புறம் வலித்தால், அவன் எறிந்த எண்ணிக்கையைக் குறித்த நோட்டுடன் வாருங்கள்; ரேடார் கன் காட்டிய வேகம் எனக்கு வேண்டாம்.