கச்சேரி ரத்து, டிக்கெட் பணத்தை வாங்குவது எப்படி?

மழை வந்தால் திறந்தவெளிக் கச்சேரி நிற்கத்தான் செய்யும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்தது என்பதற்காக நம் டிக்கெட் பணம் அமைப்பாளரிடமே தங்கிவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று தொடங்கும் குறுஞ்செய்தியைப் பார்த்ததுமே பலர் பணத்தைத் தலைமுழுகிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

இதற்கான அடிப்படை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்புக்கொண்ட காரியத்தை நிறைவேற்றவே முடியாத நிலை வந்தால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது 56-வது பிரிவு. அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தின் பேரில் வாங்கியதைத் திருப்பிக் கொடு என்கிறது 65-வது பிரிவு. அதாவது, காரணம் நியாயமானதாக இருந்தால் ரயில் செலவு, அறை வாடகைக்கெல்லாம் நஷ்டஈடு கேட்பது கஷ்டம். ஆனால் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இதற்கு மேல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பது அதன்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

ரத்தைவிடச் சிக்கலானது ஒத்திவைப்பு. "புதிய தேதிக்கும் இதே டிக்கெட் செல்லும்" என்று சொல்லிவிட்டு ரீஃபண்ட் பேச்சையே எடுக்க மாட்டார்கள். இன்ன நாள், இன்ன நேரம் என்று சொல்லி விற்ற டிக்கெட்டில் நேரம்தான் முக்கியம். அது தவறினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் இணையத்தில் விற்பவர்களுக்கான மின்வணிக விதிகள் 2020, தாமதத்துக்கு இயற்கைச் சீற்றம் போன்றவை காரணமாக இருந்தால் விற்பவருக்குச் சலுகை தருகின்றன. இரு பக்கமும் வாதாட இடமிருப்பதால், நாம் பேசாமல் இருந்தால் புதிய தேதியை ஏற்றுக்கொண்டதாகவே அவர்கள் சொல்வார்கள். வர முடியாது என்றால் அறிவிப்பு வந்த அன்றே, "புதிய தேதி எனக்கு ஒத்துவராது, பணம் வேண்டும்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

நிகழ்ச்சி நடந்தும் உள்ளே போக முடியாமல் போவது இன்னொரு வகை. ஏ.ஆர்.ரஹ்மானின் சென்னைக் கச்சேரி 2023 ஆகஸ்ட் 12-லிருந்து மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10-ஆம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. டிக்கெட் வைத்திருந்த பலர் கூட்ட நெரிசலில் நுழைய முடியாமல் திரும்பினார்கள். டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே பொதுவில் கேட்டுக்கொண்டார். மேடையில் பாட்டு ஓடியது என்பதால் வெளியே நின்றவருக்குச் சேவை கிடைத்துவிட்டதாக ஆகாது. இப்படிச் சிக்கினால் வாசலிலேயே நேரம் தெரிய ஒரு போட்டோ எடுங்கள். வாசலில் ஸ்கேன் செய்யப்படாத டிக்கெட்டும் அந்தப் போட்டோவும் பிறகு உங்களுக்காகப் பேசும்.

சரி, பணம் வந்துவிட்டது, ஆனால் குறைகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2,000 ரூபாய் டிக்கெட் இரண்டு, 4,000. கன்வீனியன்ஸ் ஃபீ, அதாவது செயலி பிடிக்கும் வசதிக் கட்டணம், 8 சதவீதம் என்றால் 320. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 57 ரூபாய் 60 காசு. கட்டியது 4,377.60, திரும்பி வந்தது 4,000. மிச்சம் 377.60-ஐ "திருப்பித் தரப்படாது" என்று நிபந்தனைகளில் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள். நாமாக ரத்து செய்தால் அது சரி. கச்சேரியை அவர்களே ரத்து செய்துவிட்டு நம்மிடம் வசதிக் கட்டணம் பிடிப்பது என் கணக்கில் நியாயமில்லை, கேட்டுப் பார்க்கலாம். அந்த நிபந்தனையையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்த்தால் வழக்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விடும். சின்னத் தொகைக்குச் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் கேட்பதே சுலபம்.

முதலில் டிக்கெட் விற்ற செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. "பணம் அனுப்பிவிட்டோம்" என்று பதில் வந்தால் பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து உங்கள் வங்கியில் தேடச் சொல்லலாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப எடுத்துத் தரும்படி, கேட்கவும் வழி உண்டு, ஆனால் அதற்குக் கெடு உண்டு. மாதக்கணக்கில் ஆறப்போட்டால் கதவு மூடிவிடும். கூகுளில் "ரீஃபண்ட் கஸ்டமர் கேர்" என்று தேடிக் கிடைக்கும் எண்ணுக்கு மட்டும் போன் போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, கேட்கிறவன் திருடன்.

அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரை நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டுப் பதில் கேட்பார்கள். பல நேரம் அதுவே போதும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கச்சேரி பெங்களூரில் நடப்பதாக இருந்தாலும் நீங்கள் மதுரையில் குடியிருந்தால் மதுரையிலேயே போடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். இரண்டு வருடக் கெடு. அமைப்பாளர், டிக்கெட் செயலி இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால், "பணம் அவரிடம்தான் இருக்கிறது" என்று இல்லாதவரைக் கைகாட்டுவார்கள்.

கூடவே வைக்க வேண்டியவை: டிக்கெட், பணம் கட்டிய ரசீது, ரத்து அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல். ரத்து அறிவிப்பை இன்ஸ்டாகிராமில் மட்டும் போட்டுவிட்டு அப்புறம் அழித்துவிடுவதும் உண்டு. பார்த்த உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.