கழற்றவேண்டியது கரண்ட் பிளக் மட்டுமல்ல

டெலிபோன் வயரை லப்டொப்பின் மொடத்தில் (லைன் வழியாக டேட்டாவை அனுப்பி வாங்கும் பகுதி) செருகி, டயல் பண்ணி இன்டர்நெட் பார்த்த காலத்துக் குறிப்பு இது. ஐப்பசி பிறந்து மூன்று கிழமை ஆகவில்லை, என் ரிப்பேர் மேசையில் நான்காவது லப்டொப். நான்கிலும் ஒரே குறை: டயல் பண்ணினால் 680 என்ற பிழை எண், அதாவது டயல் டோன் இல்லை. உப்புவெளியிலிருந்து நேற்று வந்த ஆசிரியருடையதை வேறொரு கடையில் இரண்டு தரம் போர்மேட் பண்ணிவிட்டார்களாம். அதிலிருந்த பரீட்சைத் தாள்கள் போனதுதான் மிச்சம்.

"மொடம் ஒழுங்காக வேலை செய்யுது எண்டு விண்டோஸ் காட்டுதே தம்பி?"

காட்டும் சேர். விண்டோஸ் பேசுவது உள்பக்கச் சில்லுடன். மின்னலில் கருகுவது பெரும்பாலும் வயர் வந்து சேரும் பக்கம். கேட்டதற்கெல்லாம் ஓகே என்று பதில் வரும், லைனை மட்டும் எடுக்காது.

"இடி நேரம் பிளக்கைக் கழற்றித்தானே வச்சனான்." இந்த வசனத்தை இனி என்னால் கேட்க முடியாது. கழற்றியது கரண்ட் பிளக்கை. டெலிபோன் வயர் சுவரிலேயே இருந்திருக்கிறது. ஊரே இருட்டில் கிடக்கும் இரவிலும் உங்கள் வீட்டு டெலிபோன் மணி அடிக்கிறதல்லவா, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து, அந்த மெல்லிய செப்புக் கம்பி வழியாக. சும்மா கிடக்கும்போதே 48 வோல்ட், மணி அடிக்கையில் 90 வோல்ட் அளவில். அது தூண் தூணாக மழையில் நனைந்து வீட்டுக்கு வரும் கம்பி. பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினாலே போதும். லப்டொப்பை அணைத்து வைத்தாலும், பட்டரியில் ஓடவிட்டாலும், வயர் செருகியிருந்தால் வழி திறந்துதான் கிடக்கிறது.

சரி, 680 வந்தால்? அதே வயரை ஒரு சாதாரண போனில் செருகிக் காதில் வையுங்கள். டோன் இல்லையா, லப்டொப்பைத் தொடாதீர்கள், குறை லைனில் அல்லது வயரில். விட்டுவிட்டுக் கேட்கிறதா, வொய்ஸ் மெயில் காத்திருக்கலாம்; டயல் டோனுக்குக் காத்திரு என்ற தெரிவை மொடம் செட்டிங்கில் எடுத்துவிடுங்கள். 691 என்றால் யூசர் நேமோ பாஸ்வேர்டோ பிழை. அதற்கு என்னிடம் வராதீர்கள், கப்ஸ் லொக்கைப் பாருங்கள்.

அப்போது சிடிஎம்ஏ போன் (கம்பியில்லாமல் ரேடியோ வழியாக லைன் வரும் வீட்டுப் போன்) வைத்திருந்தவர்கள் அதன் பின்னாலுள்ள சொக்கெட்டில் மொடம் வயரைச் செருகி, "டோன் கேட்குதே" என்றார்கள். கேட்கும். ஆனால் அது குரலைச் சுருக்கி அனுப்பும் போன். மொடத்தின் இரைச்சல் அதற்குள்ளால் உருப்படியாகப் போய்ச் சேராது. அதற்கு டேட்டா கேபிள் வேறு.

அந்தக் காலத்துப் பல லப்டொப்களில் மொடம் தனியான சின்னக் கார்ட். இரண்டு ஆணி கழற்றினால் கையில் வந்துவிடும். மதர்போர்டே மாற்றவேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தக் கார்டை முதலில் காட்டச் சொல்லுங்கள். (தொழில்காரர் சிலருக்கு இதை எழுதுவது பிடிக்காது.)

பின்னேரம் கந்தளாய்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும்போதே தயவுசெய்து அந்த வயரைக் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஓடிப்போய்க் கை வைக்கவேண்டாம். அப்போது போனால் மொடம் போகட்டும்.

சேரின் லப்டொப்புக்கு வேறு கார்ட் போட்டாயிற்று. வயரைத் தனியாகச் சுற்றி, பைக்கு மேலே கட்டிவைத்திருக்கிறேன்.