போக்கரில் ‘டிரா’ என்றால் என்ன? காத்திருக்கும் கை

“எதிராளி வரைந்துகொண்டிருந்தால் பெரிதாகப் பந்தயம் கட்டுங்கள்.”

போன வாரம் ஒரு போக்கர் விளக்கக் காணொளியின் தமிழ் வசன வரிகளில் இப்படி ஓடியது. அந்த எதிராளி எதையும் வரையவில்லை. அவரிடம் நான்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்) சீட்டுகள் சேர்ந்திருந்தன, ஐந்தாவது விழுமா என்று காத்திருந்தார். இப்படி ஒரு சீட்டு வந்தால் முடியும் கையைத்தான் ஆங்கிலத்தில் ‘டிரா’ என்கிறார்கள். இது எனக்கு மூன்றாவது முறை. முதலில் ஒரு கட்டுரைத் தலைப்பில் ‘வரையும் கைகளுக்கு எதிரான பந்தய அளவிடல்’ என்று பார்த்தேன். பிறகு வேறொரு இடத்தில் ‘சமநிலைக் கை’ என்று கண்டேன். இரண்டு முறை பொறுத்துக்கொண்டவன் மூன்றாவது முறை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிறப்பை முதலில் முடித்துவிடலாம். ‘டிரா’வின் மூலம் பழைய ஆங்கிலத்தின் ‘ட்ரகன்’. இழுப்பது என்று பொருள். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதும், உறையிலிருந்து வாளை உருவுவதும், தாளின் மேல் கோலை இழுத்துப் படம் போடுவதும், கட்டிலிருந்து சீட்டு எடுப்பதும் அந்த ஒரே வினைக்குள் அடங்கும். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தாலும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய ஐந்து சீட்டுப் போக்கரில் வேண்டாத சீட்டுகளைக் கொடுத்துவிட்டுக் கட்டிலிருந்து புதியவை எடுப்பார்கள். அந்த எடுப்புக்கு ‘டிரா’ என்று பெயர். முடியாத கையை முடிக்க எடுப்பதால், முடியாத கைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஹோல்டம் என்ற போக்கர் வகை வந்தது. டெக்சஸின் ராப்ஸ்டவுன் ஊர்தான் இதன் பிறப்பிடம் என்று 2007இல் அந்த மாநில சட்டமன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. 1960களில் லாஸ் வேகாஸுக்குப் போய், 1971 முதல் போக்கர் உலகத் தொடரின் முதன்மை ஆட்டமாக வரம்பில்லா ஹோல்டம் நிலைத்துவிட்டது. இந்த ஆட்டத்தில் யாரும் சீட்டை எடுப்பதில்லை. கையில் இரண்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் மூன்று ஃப்ளாப், அடுத்து ஒன்று டர்ன், கடைசி ஒன்று ரிவர். சீட்டைத் திறப்பவர் சீட்டு போடுபவர்தான். ஆட்டக்காரர் செய்வதெல்லாம் காத்திருப்பது. பழைய ஆட்டத்தின் பெயர் மட்டும் தொடர்ந்து வருகிறது.

‘வரையும் கை’யைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அது அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிய வேலை. ‘சமநிலைக் கை’ அதைவிடக் கெட்டது, ஏனென்றால் அதைப் படிப்பவருக்குப் பொருள் விளங்குவதுபோல் இருக்கும். போக்கரில் உண்மையாகவே சமநிலை உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே வலிமையுள்ள கை அமைந்தால் நடுப்பணத்தை, அதாவது மேசை நடுவே குவிந்த பந்தயப் பணத்தை, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆகவே, ‘சமநிலைக் கைக்கு எதிராக எவ்வளவு கட்டுவது’ என்று படிக்கும் புது ஆட்டக்காரர், தன் கையும் எதிராளி கையும் சமம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுவார். காசு போகும்.

மூன்றாவது சொல்லோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. தூய தமிழில் அக்கறையுள்ள, நான் மதிக்கும் நண்பர் ஒருவர் ‘இழுவைக் கை’ என்பதை முன்வைக்கிறார். “மூலத்தில் இழுத்தல், நாமும் இழுவை. இதைவிட நேர்மையான மொழிபெயர்ப்பு எது?” என்று கேட்கிறார். நேர்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேருக்கு நேர்மையாக இருப்பதும் சொல்லுக்கு நேர்மையாக இருப்பதும் வேறு வேறு. இழுத்தல் என்ற பொருள் ஆங்கிலப் போக்கர் பேச்சிலேயே மறைந்துவிட்டது, ஹோல்டம் மேசையில் இழுக்க எதுவும் இல்லை. செத்துப்போன பொருளை நாம் ஏன் புதிதாகப் பெற்றெடுக்க வேண்டும்?

தமிழில் ‘இழு’ சும்மாவும் இருப்பதில்லை. வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்றால் தாமதம். ஒருவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால் அது சாவுப் படுக்கை. தேர்தல் முடிவு இழுபறி என்றால் யார் வெல்வார் என்று தெரியாத நெருக்கடி. ‘இழுவைக் கை’ என்றதும் காதில் முதலில் விழுவது ‘இழுபறி’தான், அங்கிருந்து ஒரே எட்டில் மறுபடியும் ‘சமநிலை’க்குப் போய்விடுவோம். போதாததற்கு இழுவை என்பது இயற்பியல் பாடநூலில் காற்றும் நீரும் தரும் தடைக்குப் பெயராக ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. நண்பர் இதற்குப் பதிலாக ‘ஈர்ப்புக் கை’ என்று மாற்றிப் பார்த்தார். அது இன்னும் தூரம் போய்விட்டது. ‘துருப்புச் சீட்டு’ என்று எல்லோரும் சொல்கிறோம். துருப்பு வெளியிலிருந்து வந்த சொல். அதன் வேரை யாரும் கேட்பதில்லை, பொருள் யாருக்கும் தவறுவதும் இல்லை.

சீட்டாடும் தமிழர்கள் இந்த நிலையை என்னவென்று சொல்கிறார்கள் என்று யாராவது காது கொடுத்தார்களா? பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் பாய் விரித்து ரம்மி நடக்கும். பெரியத்தை பன்னிரண்டு சீட்டைச் சேர்த்துவிட்டு, பதிமூன்றாவதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, “எனக்கு ஒத்தச் சீட்டுக்கு நிக்குதுடா, சீக்கிரம் போடு” என்பார். ‘நிக்குது’. ஒரு சீட்டு வந்தால் ஆட்டம் முடியும், வராவிட்டால் கையில் இருப்பது வெறும் எண்ணிக்கை. போக்கரின் ‘டிரா’ அச்சாக அந்த நிலைதான்.

அப்படியானால் ‘நிற்கும் கை’ என்றே சொல்லலாமே? முதலில் அப்படித்தான் நினைத்தேன். இடிப்பது ஒன்றுதான்: பழைய ஐந்து சீட்டுப் போக்கரில், புதிதாக எதுவும் எடுக்காமல் இருக்கும் கையோடு ‘நிற்பது’ என்று ஒரு வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. அது கை ஏற்கெனவே முடிந்தவரின் செயல், நேர் எதிர்ப்பொருள். இரண்டு ஆட்டங்களையும் பற்றி எழுதுபவர் குழம்பிப்போவார். அதனால் பெரியத்தையின் பொருளை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றினேன்: காத்திருக்கும் கை. ஃப்ளஷுக்குக் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) காத்திருக்கும் கை, ஸ்ட்ரெய்ட்டுக்குக் (அடுத்தடுத்த எண்களில் ஐந்து சீட்டு) காத்திருக்கும் கை.

‘கை’ இருக்கட்டும். திருக்குறளின் சூது அதிகாரத்திலேயே ‘கவறும் கழகமும் கையும்’ என்று வருகிறது. அங்கே அது கவறு உருட்டும் கைத்திறன், இங்கே கையில் உள்ள சீட்டுகளின் தொகுதி. பொருள் நகர்ந்தாலும் சொல் சூதாட்ட மேசைக்குப் புதிதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. காத்திருந்த சீட்டு விழுந்ததும் ‘கைகூடியது’ என்று சொல்லிவிடலாம். கையை முடித்துத் தரும் சீட்டுகளைக் ‘கைகூட்டும் சீட்டுகள்’ எனலாம். இப்படி ஒரு சொல் மொழியிலேயே நமக்காகக் கிடக்கும்போது ஏன் வரைகிறோம், இழுக்கிறோம்?

நான் ‘காத்திருப்பு’க்காக அடம்பிடிக்க முக்கியக் காரணம் பந்தயத் தொகை. பந்தயத் தொகை என்பது காத்திருப்பதற்கு எதிராளியிடம் நாம் கேட்கும் விலை. சொல் சரியாக இருந்தால் கணக்கு தானாகப் புரியும்.

ஒரு கையைப் பார்ப்போம். என்னிடம் ஸ்பேடு ஏஸ், ஸ்பேடு ராஜா. எதிராளியிடம் ஆட்டின் 10, ஆட்டின் 9. மேசையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 4, கிளாவர் 2, டர்னில் டைமன் 7. இப்போது என் ராஜா ஜோடி முன்னால் நிற்கிறது. ஒரு சீட்டுதான் பாக்கி. எதிராளிக்குத் தெரியாத சீட்டுகள் 46. அவற்றில் அவர் கைகூட்டும் ஆட்டின்கள் 9. அதாவது 37 முறை தோற்கும் இடத்தில் 9 முறை ஜெயிப்பார், ஏறக்குறைய நாலுக்கு ஒன்று.

நடுப்பணம் 1000 என்று வைப்போம். நான் 250 கட்டினால் அவர் 250 போட்டு 1250ஐ எடுக்கப் பார்க்கிறார், ஐந்துக்கு ஒன்று. காத்திருப்பது அவருக்கு லாபம், ஒவ்வொரு முறையும் சராசரியாக 43 சேர்கிறது. 500 கட்டினால் 1500க்காக 500 போட வேண்டும், மூன்றுக்கு ஒன்று. இப்போது காத்திருந்தால் சராசரி நஷ்டம் 109. இரண்டுக்கும் நடுவே, நடுப்பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே, அவருக்கு லாபமும் இல்லாத நஷ்டமும் இல்லாத விலை இருக்கிறது. ‘வரையும் கைக்கு எதிரான அளவிடல்’ என்ற தலைப்பின் கீழ் இதை எழுதினால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. ‘காத்திருப்புக்கு என்ன விலை’ என்று எழுதுங்கள், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

இதோடு கணக்கு முடிவதில்லை. 500க்கு ஈடாகப் போட்டவர், ரிவரில் ஆட்டின் விழுந்தபிறகு என்னிடமிருந்து சராசரியாக இன்னும் 556 கறக்க முடிந்தால் அவர் செய்தது சரி. அதனால்தான் இருவர் முன்னாலும் நிறையப் பணம் மீதி இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு போதாது, கூட்டிக் கேட்க வேண்டும். ‘வரம்பில்லா’ என்ற அடைமொழிக்கும் இங்கேதான் உயிர். பந்தயத் தொகை இவ்வளவுதான் என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட ஆட்டத்தில் டர்னுக்குள் நடுப்பணம் ஒற்றைப் பந்தயத்தைப் போலப் பல மடங்காகிவிடும், காத்திருப்பு பெரும்பாலும் மலிவு. வரம்பில்லாதபோது மேசையில் என் முன்னால் உள்ள பணம் வரைக்கும் விலையை நானே வைக்கிறேன்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான்: ஆட்டத்தை ஒரு தரமாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் சொல்லில் கை வைக்கிறார்கள். நடுவில் குவியும் பணத்துக்கு ஆங்கிலத்தில் ‘பாட்’, உடனே ‘பானை’. சாதக விகிதத்துக்கு அங்கே ‘ஆட்ஸ்’, உடனே ‘முரண்பாடுகள்’. இரண்டையும் சேர்த்துப் ‘பானை முரண்பாடுகள்’ என்று அச்சில் கண்டிருக்கிறேன். அதை எழுதியவர் தான் எழுதியதைத் தானே வாய்விட்டுப் படித்திருந்தால் அது வெளியே வந்திருக்காது. இந்த விகிதம் சாதாரண விஷயமும் இல்லை. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அந்தப் பட்டியலை நீக்கியது. அவை வாய்ப்பா திறமையா என்ற வாதத்தைத் தமிழில் பின்தொடர விரும்பும் வாசகருக்கு ‘முரண்பாடுகள்’ என்று கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

நண்பருக்குக் கடைசியாக ஒரு சோதனை வைத்தேன். எந்தச் சீட்டு விழுந்தாலும் தோல்விதான் என்ற நிலையிலும், அது தெரியாமல் பணம் போட்டுக்கொண்டே இருப்பவர் உண்டு. எதிராளியிடம் ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) முடிந்திருக்க, இவர் ஃப்ளஷுக்குக் காத்திருப்பார். ஆங்கிலத்தில் அதைச் செத்த டிரா என்கிறார்கள். நண்பர் முறைப்படி ‘செத்த இழுவை’. என் முறைப்படி ‘வீண் காத்திருப்பு’. இரண்டையும் நண்பர் போக்கர் அறியாத தன் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். இரண்டாவதற்கு அவர் விளக்கம் கேட்கவில்லை.