ஏடு பிரிதல்

அண்ணன் மகள் புதுச்சேரியில் வேதிப் பொறியியல் படிக்கிறாள். போன மாதம் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தவள், பையிலிருந்து இரண்டு வில்லைகளை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டும் எப்பாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிப்போகும் பசை. இரண்டிலும் நூற்றுக்கு மூன்று பங்கு களிமண். ஒன்று மங்கல், அரிசி கழுவிய தண்ணீர் உறைந்த மாதிரி. இன்னொன்றைச் செய்தித்தாள் மேல் வைத்தால் அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறது.

"இது நல்லா எக்ஸ்ஃபோலியேட் ஆயிடுச்சு அத்தை. செமினாரைத் தமிழ்லயே பேசலாம்னு இருக்கேன். இதுக்கு என்ன சொல்றது?"

இலத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. இலை இலையாகக் கழன்று வருவது எக்ஸ்ஃபோலியேஷன். பியூட்டி பார்லரில் முகத்தின் செத்த தோலைத் தேய்த்தெடுப்பதற்கும் இதே பெயர்தான். அங்கே 'உரித்தல்' போதும். உரித்ததைக் கழுவி விட்டுவிடுகிறோம். களிமண்ணில் உரிந்து வருவதுதான் சரக்கு.

அதனால் 'ஏடு பிரிதல்' என்றேன். பிரெஞ்சில் மரத்து இலைக்கும் எழுதும் தாளுக்கும் ஃபெய் என்று ஒரே சொல். நமக்கும் பனையோலைதான் ஏடானது. பாலின் மேல் படிவதும் ஏடு, காலையில் வாசலில் விழுவதும் நாளேடு. இந்தக் களிமண் இனத்துக்கு அறிவியல் வைத்த பெயரே ஃபில்லோசிலிகேட். ஃபில்லோன் என்றால் கிரேக்கத்தில் இலை. மூன்று மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது நாம் ஏன் விலகிப் போக வேண்டும்?

அவள் கலந்தது மான்ட்மோரிலோனைட். பிரான்சில் மோன்மோரியோன் என்ற ஊரின் பெயரால் 1847இல் பெயர் பெற்றது. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பது இதனால்தான். களிமண் எல்லாம் இப்படி ஏடு பிரியாது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் கயோலின். அதன் அடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் தண்ணீரில் உப்புவதில்லை. மான்ட்மோரிலோனைட்டில் அந்தப் பிடி தளர்வு. ஒரு ஏட்டின் கனம் ஏறக்குறைய 1 நானோமீட்டர், அகலம் சில நூறு நானோமீட்டர். ஒரு கிராமை முழுக்கப் பிரித்துப் பரப்பினால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். 30க்கு 40 அடி மனை ஆறு. (நானோ என்றால் கிரேக்கத்தில் குள்ளன், தமிழில் குறள். 'குறள் களிமண்' என்றால் சபை சிரிக்கும், நானோவே இருக்கட்டும்.)

பிரிப்பது எப்படி என்பதற்குச் சுவடியே உதாரணம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை. ஒட்டிக்கொண்ட ஓலையை யாரும் பிய்க்க மாட்டார்கள். புல்தைலம் தடவி இளக வைப்பார்கள். களிமண்ணுக்கும் அதே வைத்தியம்தான். ஏடுகளுக்கு நடுவில் இருக்கும் சோடியம் தண்ணீரைத்தான் சேர்க்கும், எப்பாக்சியைச் சேர்க்காது. அதை எடுத்துவிட்டு, நீண்ட கரிமவால் கொண்ட அம்மோனியம் அயனியை வைத்தால் இடுக்கு எண்ணெய்ப் பசை பெறும், எப்பாக்சி உள்ளே நுழையும். இந்த அரைநிலைக்கு இன்டர்கலேஷன் என்று பெயர். நாள்காட்டியில் கூடுதல் நாளையோ மாதத்தையோ நுழைப்பதற்கு ரோமானியர் வைத்திருந்த சொல் அது. தமிழில் இடைச்செருகல். பழம்பாட்டில் பின்னால் எவரோ நுழைத்ததைத் திட்டத்தான் இதுவரை பயன்பட்டது. இங்கே குற்றமில்லாத வேலை கிடைத்திருக்கிறது.

நுழைந்த எப்பாக்சி, வெளியே இருப்பதைவிட உள்ளே வேகமாக இறுகினால், ஏடுகளை நெம்பித் தள்ளிவிடும். எக்ஸ்ரே வரைபடத்தில் ஏடுகளின் இடைவெளியைக் காட்டும் மேடு இடம் நகர்ந்து, கடைசியில் காணாமலே போகும். வில்லை தெளிந்தது அதன் இன்னொரு அடையாளம்.

இப்படி ஏடு பிரிந்தால் எப்பாக்சிக்கு என்ன லாபம்? வலிமை கூடும் என்பார்கள். அந்தச் சொல்லில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். களிமண் நிச்சயமாகக் கூட்டுவது விறைப்பை, அதாவது வளையாமல் நிற்பதை. அறுந்துபோகும் வரை தாங்குவதுதான் வலிமை. 1994இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், ரப்பர் போல இளகிய எப்பாக்சியில் 15 சதவீதம் களிமண் சேர்த்து வலிமையைப் பத்து மடங்குக்கு மேல் ஏற்றிக் காட்டினார்கள். கண்ணாடிபோல இறுகும் எப்பாக்சியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே விறைப்பு ஏறும்போதே வலிமை இறங்குவதும் உண்டு. பிரியாமல் கட்டியாக நின்ற இடத்தில்தான் விரிசல் பிறக்கும். களிமண்ணை அள்ளிப் போட்டால் கலவை அல்வா பதத்துக்கு வந்து காற்றுக் குமிழியையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

'அடுக்குப் பிரிதல் என்று சொல்லலாமே' என்று கேட்கலாம். கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு வேலை செய்பவரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். கண்ணாடி நார் விரிப்பும், எப்பாக்சி போல ஊற்றினால் இறுகும் ரெசினும் மாற்றி மாற்றிப் போட்ட உடம்பில் "லேயர் விட்டுப்போச்சு" என்றால் படகு மேடேற வேண்டியதுதான். அது டீலேமினேஷன், பழுது. களிமண்ணில் பிரிவது பலன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பாடம் படிக்கும் பிள்ளை குழம்பும். பழுதுக்கு 'அடுக்கு விடுதல்', பலனுக்கு 'ஏடு பிரிதல்'. ரெசினுக்குப் 'பிசின்' என்பது நிலைத்துவிட்டது. வேப்பம் பிசின் தண்ணீரில் ஊறும், குங்கிலியம் ஊறாது. கறாராகப் பார்த்தால் ரெசின் குங்கிலியத்தின் சாதி. ஆனாலும் அந்தச் சண்டையை நான் இழுக்கவில்லை.

"ஏடுன்னா பாலேடுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா அத்தை?" என்றாள்.

நினைக்கட்டும். அதுவும் மெல்லிசுதானே?