"இந்த வயசுல வாதமா?": வீட்டில் தவறிப்போகும் பக்கவாதங்கள்

ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, பீடி சிகரெட், அறுபதைத் தாண்டிய வயது. பக்கவாதம் என்றதும் நம் மனதுக்கு வருவது இந்த நான்கும்தான். இவை எதுவும் இல்லாதவருக்கு வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ, வேலூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு, "இந்த வயசுல வாதமா வரும்? காத்து கருப்பு பட்டிருக்கும்" என்பது. பிறந்து இரண்டு மாதமான குழந்தைக்கும் மூளையில் ரத்தம் கசியும். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் மூளையின் ரத்தக்குழாய் அடைக்கும். இவர்களில் பலரிடம் வழக்கமான காரணங்கள் இருப்பதில்லை. நோய்க்கான துப்பு சமீபத்தில் நடந்த ஏதோ ஒன்றில் இருக்கும். அது ஸ்கேன் படத்தில் எழுதியிருக்காது. வீட்டார் வாய்திறந்து சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

முதல் சில மணி நேரத்துக்கான விதி எல்லா வயதுக்கும் ஒன்று. "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்" என்பதை ஒருவர் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான். பெரிய குழாய் அடைத்திருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியைக் குழாய் வழியாக இழுத்தெடுக்க முடியும். 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வழியில் குளுக்கோஸ் ஏற்ற நிற்க வேண்டாம். ஆனால் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அவசியம். சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் அச்சு அசலாகப் பக்கவாதம்போலவே கை கால் விழும். தண்ணீர், காபி, மாத்திரை எதையும் வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பிரினும் சி.டி.க்குப் பிறகுதான், ஏனென்றால் உள்ளே இருப்பது அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. புறா ரத்தம் தேய்க்கும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதற்குச் செலவாகும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

பச்சை உடம்பும் தலைவலியும்

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தில் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். பிரசவத்தில் அதிக ரத்தம் போய்விடாமல் காக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்தச் சமயத்தில் "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், புண்ணு ஆறாது" என்று நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்துகிறோம். கதவு ஜன்னலைச் சாத்திய அறை, வேலூர் வெயில், இதோடு தாய்ப்பாலாக வெளியேறும் நீர். உடல் வற்றி ரத்தம் கெட்டியாகிறது. கர்ப்பத்தில் தொடங்கிய ரத்தசோகையும் சேர்ந்துவிட்டால், மூளையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் சிரைகளில் கட்டி விழக்கூடும். வழக்கமான பக்கவாதம், மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் வருவது. இது சிரையில் வருவது. அதனால் வருகிற விதமும் வேறு: ஒரு நொடியில் வாய் கோணுவதில்லை. இரண்டு மூன்று நாள் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், அதன்பிறகு வலிப்பு, பிறகு ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்று படிப்படியாக வரும்.

சிசேரியன் ஆன பெண்ணுக்குத் தலைவலி என்றால் முதுகில் போட்ட ஊசியின்மேல் பழி போடுவது வழக்கம். இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். முதுகு ஊசித் தலைவலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் சில நிமிடத்தில் குறையும். சிரை அடைப்பின் தலைவலி பெரும்பாலும் படுத்தால் கூடும், விடியற்காலையில் அதிகமாக இருக்கும், குனிந்தாலோ இருமினாலோ தெறிக்கும். ஊசித் தலைவலியாகத் தொடங்கி, பிறகு படுத்தாலும் விடாத வலியாக மாறினால் அது இன்னும் பெரிய எச்சரிக்கை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் அழுத்தம் ஏறி வலிப்பு வருவதுண்டு. சாதாரண சி.டி.யில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "ஸ்கேன் நார்மல்" என்று திருப்பி அனுப்பினால், "சிரைகளைப் பார்க்கும் வெனோகிராம் வேண்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

சிகிச்சையில் வீட்டார் மிரள்கிற இடம் ஒன்று உண்டு. "மூளையில ரத்தம் கசிஞ்சிருக்குன்னு சொல்றீங்க, அப்புறம் ரத்தம் உறையாம இருக்க ஏன் ஹெப்பாரின் போடறீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிரை அடைத்ததால் ரத்தம் பின்னால் தேங்கி, அந்த அழுத்தத்தில்தான் கசிந்திருக்கிறது. வழி திறந்தால்தான் அழுத்தம் இறங்கும். பிறகு மூன்று முதல் ஆறு மாதம் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை. வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், பாலை நிறுத்தவும் வேண்டாம். சரியான நேரத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். இதற்குப் பின் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது, காப்பர்-டி பொருந்தும். அடுத்த கர்ப்பம் தரித்தவுடனே மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி தேவைப்படலாம். பச்சை உடம்புக்காரிக்கு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்தியம் பார்க்கும் பாட்டிமார்கள் வெந்நீராகவோ சீரகத் தண்ணீராகவோ கொடுக்கட்டும், அளவை மட்டும் குறைக்க வேண்டாம்.

இதே சிரை அடைப்பு கர்ப்பமே இல்லாத பெண்களுக்கும் வருகிறது. ஆடிக் கிருத்திகை, திருப்பதி, வீட்டுக் கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் நார்எதிஸ்டிரோன் மாத்திரை ஒரு காரணம். 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை என்பது வழக்கமான அளவு. அந்த அளவில் அதில் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தால், கண்ணில் மின்னலோடு ஒற்றைத் தலைவலி வருகிறவராக இருந்தால், ரத்தசோகையோடு கோடையில் விரதமும் சேர்ந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாமனார், மைத்துனர் முன்னால் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பார்கள். அதனால் பெண்ணைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும்.

"உரம் விழுந்திருக்கும்"

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தை கட்டிலிலிருந்தோ மடியிலிருந்தோ விழுகிறது. பெரிய அடி இல்லை, வீக்கம்கூட இல்லை. அழுது ஓய்ந்து விளையாடுகிறது. சில நிமிடத்திலோ, ஓரிரு நாளிலோ ஒரு கை அசையவில்லை. உரம் (சுளுக்கு) விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டி எடுக்கிறோம். சில குழந்தைகளுக்கு மூளையின் ஆழத்துக்குப் போகும் மெல்லிய குழாய்களின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து அவை விறைத்திருக்கும். லேசான அதிர்விலேயே அதில் ஒன்று அடைத்துக்கொள்கிறது. மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி.யில் மூளையின் ஆழத்தில் வெள்ளைக் கோடாக அந்தப் படிவு தெரியும். தடித்த வெட்டுகளில் தவறிவிடும். பலருக்கு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருக்கும். குறைந்த அளவு ஆஸ்பிரின், இரும்பு மருந்து, பயிற்சி, மறுபடி விழாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் சிகிச்சை. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள்.

வீட்டில் கவனிக்க ஒரு குறிப்பு: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இடதுகை, வலதுகை என்ற பழக்கம் இருக்கக் கூடாது. எட்டு மாதக் குழந்தை எந்தப் பொம்மையையும் ஒரே கையால் மட்டும் எடுத்தால் "இடதுகைப் பிள்ளை" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

இன்னும் சின்னக் குழந்தைகளிடம் பார்க்க வேண்டியது, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே. பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம் ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும், அந்த ஊசி போடாத குழந்தைக்கு இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் திடீரென மூளையில் ரத்தம் கசியலாம். உடல் வெளுக்கும், உச்சிக்குழி புடைக்கும், பால் குடிக்காமல் கீச்சென்று அழும். இது முழுக்கத் தடுக்கக்கூடிய பக்கவாதம் என்பதால்தான் இதன்மேல் எங்களுக்கு இவ்வளவு ஆத்திரம்.

பள்ளிப் பிள்ளைகளில், அழுத பிறகோ பலூன் ஊதிய பிறகோ சூடான சாப்பாட்டை ஊதி ஊதிச் சாப்பிட்ட பிறகோ கை சற்று நேரம் தளர்ந்து சரியானால் மூளைக் குழாய்கள் மெல்லக் குறுகிப்போகும் மோயாமோயா நோயைச் சந்தேகிக்க வேண்டும். வேகமாக மூச்சு விட்டால் மூளைக் குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே குறுகியிருப்பவருக்கு அதுவே போதும். சின்னம்மை போட்டு ஒரு வருடத்துக்குள் வரும் கை தளர்ச்சிக்கும் அந்த அம்மையே காரணமாக இருக்கலாம். "போன வருஷம் அம்மை போட்டிருந்தது" என்று சொல்ல மறக்காதீர்கள்.

கழுத்தில் எடுக்கும் சொடக்கு

முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது நம் ஊர் சலூன்களில் இலவச உபசாரம். பின்மூளைக்குப் போகும் தமனி கழுத்தெலும்புகளின் ஓரத்துத் துளைகளில், வளையங்களில் கோத்த கயிறுபோல ஏறி, மேல் எலும்பருகே வளைந்து உள்ளே நுழைகிறது. வெடுக்கென்ற திருப்பலில் அதன் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் சேரும் கட்டி அன்றைக்கோ ஒன்றிரண்டு வாரம் கழித்தோ மேலே போய் அடைக்கும். முதல் அறிகுறி ஒரு பக்கப் பிடரி வலி. அதைச் சுளுக்கு என்று நினைத்து மறுபடி தைலம் போட்டு வழித்தால் நிலைமை மோசமாகும்.

இந்தப் பக்கவாதத்தில் வாய் கோணாமல், கை விழாமல் இருக்கலாம். தலைசுற்றல், வாந்தி, நேராக நடக்க முடியாமை, இரட்டைப் பார்வை, விழுங்கும்போது புரையேறுதல், நிற்காத விக்கல், ஒரு கண்ணிமை சற்றுச் சரிதல் ஆகியவை வரும். "பித்த மயக்கம்" என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் படுக்கவைக்கும் வழக்கம் இதைத்தான் மறைக்கிறது. முப்பது நாற்பது வயதில் திடீரெனத் தலைசுற்றி, எழுந்து நிற்கவே முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அது பித்தம் இல்லை. கழுத்துக் குழாய்களையும் சேர்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

மல்லாட்டைக் கொல்லையில் விரியன்

மல்லாட்டை (நிலக்கடலை) அறுவடை நாட்களில் கண்ணாடி விரியன் கடி சாதாரணம். காலில் வீக்கமும் வலியும் என்று மட்டும் பார்க்கிறோம். விரியன் நஞ்சு ரத்தத்தின் உறையும் பொருட்களைத் தீர்த்துவிடும். மூளையில் கசிவு வரலாம். அதே நஞ்சு சிலருக்குக் குழாய்களை அடைத்தும் விடுகிறது. கடிபட்டவருக்குக் கடும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கத் தளர்ச்சி வந்தால் உடனே மூளை ஸ்கேன் வேண்டும். இரு கண்ணிமைகளும் ஒன்றாகச் சரிந்தால் அது நரம்பைத் தாக்கும் நஞ்சின் வேலை. ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்ந்தால் கோளாறு மூளைக்குள்.

நஞ்சு ரத்தத்தைத் தாக்கியதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அறியலாம். புதிய, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் வழிந்து ஓடினால் உறையவில்லை. விஷமுறிவு மருந்து உடனே தேவை. இங்கே நடக்கிற தவறு குழாயில்தான். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் போகலாம். இடையில் எடுத்து எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெடும். மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இதே சோதனை செய்ய வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது இரண்டும் கூடாது. உறையாத ரத்தம் கீறிய இடத்தில் நிற்கவே நிற்காது.

நடு வயதில் வேறு சிலவும் உண்டு. செயற்கை வால்வு வைத்தவர் மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை குடிக்கவோ பல் பிடுங்கவோ ரத்தம் உறையாமல் காக்கும் அசிட்ரோம் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு, சில நாளில் பக்கவாதத்தோடு வருவது வேதனையான விஷயம். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) வரம்புக்குள் இருந்தால் ஒரு பல்லை மாத்திரையோடே பிடுங்கலாம். வாரக்கணக்கில் காய்ச்சலும் தலைவலியும் இருந்து பிறகு கை விழுந்தால் மூளைக்காய்ச்சல் வடிவிலான காசநோயைத் தேட வேண்டும். நெடுஞ்சாலை விபத்தில் தொடை எலும்பு முறிந்தவர் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் குழம்பிப் பேசி மூச்சுத் திணறினால், எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போயிருக்கலாம்.

முதியவர்களிடம் இரண்டு விஷயம். அழுத்தம் 200 என்றதும் நிஃபெடிபின் காப்ஸ்யூலை ஓட்டை போட்டு நாக்கடியில் விடும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அழுத்தம் சரேலென்று இறங்கி, அதனாலேயே மூளைக்கு ரத்தம் குறைந்து பக்கவாதம் வரலாம். இன்னொன்று, நிலைப்படியில் லேசாக இடித்துக்கொண்ட தலை. இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து மெல்ல நடை தளர்ந்து, மறதி கூடி, ஒரு கை வலுவிழந்தால் அது மூளைமேல் சேர்ந்த பழைய ரத்தமாக இருக்கலாம். மண்டையில் சிறு துளை போட்டு வடித்துவிட்டால் பலர் பழையபடி நடக்கிறார்கள்.

காரணம் தெரியாத இளவயதுப் பக்கவாதத்துக்குக் கழுத்து, மூளைக் குழாய்களின் படம், இதய எக்கோ, ஹீமோகுளோபின், ஹோமோசிஸ்டீன் (கூடினால் ரத்தக்கட்டிக்கு வழிசெய்யும் பொருள்), பி12 ஆகியவை முதலில் வேண்டும். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் புரதம் சி, புரதம் எஸ் சோதனைகளை முதல் வாரத்திலேயே பணம் கட்டி எடுக்காதீர்கள். புதிய கட்டி இருக்கும்போதும், வார்ஃபரின் சாப்பிடும்போதும், பிரசவத்தை ஒட்டியும் அவை தாழ்ந்தே காட்டும்; இல்லாத பரம்பரை நோய் ஒன்றைக் குடும்பத்தின்மேல் ஒட்டிவிடும். ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனை மட்டும் இப்போது ஒருமுறை, 12 வாரம் கழித்து இன்னொரு முறை என்று இரண்டு தடவை எடுக்க வேண்டும். உடம்பு தேறிவிட்டதால் இரண்டாவதற்குப் பலர் வருவதில்லை. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை எத்தனை காலம் தொடர்வது என்பது அந்த இரண்டாவது முடிவைப் பொறுத்தது.