காலில் புடைத்துத் தெரிவது நரம்பு இல்லை

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு டீ மாஸ்டரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். குளிக்கும்போது கணுக்காலில் அரிப்பெடுத்த இடத்தை அழுத்தித் தேய்த்திருக்கிறார், ரத்தம் பீய்ச்சி அடித்திருக்கிறது. வீட்டில் பதறிப்போய் முழங்காலுக்குக் கீழே துண்டை முறுக்கிக் கட்டி, காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்தே அழைத்துவந்துவிட்டார்கள். வழியெல்லாம் ரத்தம். அவரைப் படுக்கவைத்து, துண்டை அவிழ்த்து, காலை உயரத் தூக்கி, ரத்தம் வந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன். நின்றுவிட்டது. "கட்டை அவுத்ததும் எப்படி டாக்டர் நின்னுச்சு?" என்று அவர் மனைவி திரும்பத் திரும்பக் கேட்டார்.

பழைய சீட்டுகளைப் பார்த்தேன். ஆறு வருடமாக நரம்புக்குச் சத்து ஊசி, நரம்புக்கு மாத்திரை, நரம்புத் தைலம். அவருக்கு நரம்பில் ஒரு கோளாறும் இல்லை. இந்த மாதத்தில் மட்டும் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

நம் பேச்சு வழக்கில் கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, காலில் சுருண்டு கிடப்பதும் நரம்பு, குளுக்கோஸ் ஏற்றுவதும் "நரம்பு ஊசி". பேச்சுக்குச் சரி, வைத்தியத்துக்குச் சரியில்லை. வெளியே தெரியும் இவை எல்லாமே சிரைகள். கெட்ட ரத்தம் என்று நாம் சொல்லும் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள். நரம்பு குழாயே இல்லை. மூளைக்கும் உடம்புக்கும் இடையே சேதி கொண்டுபோகும் வெளுத்த நார்க்கட்டு. முழங்கை உட்புறம் எதிலாவது இடித்துச் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அங்கே அடிபட்டதுதான் நரம்பு. உடம்பிலேயே தடிமனான நரம்பு பிட்டத்துக்குள் ஆழத்தில் ஓடுகிறது. அதில் தப்பித்தவறி ஊசி பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போய்விடலாம். இடுப்பு ஊசியை வெளிப்பக்க மேல் பகுதியில் பார்த்துப் போடுவது அதனால்தான். நிஜமாகவே நரம்பில் யாராவது குளுக்கோஸ் ஏற்றினால் நோயாளி அலறிவிடுவார்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கையை அரை நிமிடம் தொங்கவிடுங்கள், புறங்கையில் சிரைகள் புடைக்கும். அதே கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், அமுங்கி மறைந்துவிடும். நரம்பு இப்படிப் புடைக்கவும் செய்யாது, வற்றவும் செய்யாது. சிரைக்குள் ஒருவழிக் கதவு போன்ற வால்வுகள் உண்டு. ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் ரத்த ஓட்டத்தை நிறுவியபோது, கையைக் கட்டி விரலால் சிரையை நீவிக் காட்டியது இந்த வால்வுகளின் வேலையைத்தான்.

காலில் ரத்தம் மேலேற வேண்டும். கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் இறுகிப் பிழிந்து மேலே தள்ளுகிறது. வால்வுகள் அது கீழே இறங்காமல் பிடித்துக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடந்தால் 30-க்கும் கீழே வந்துவிடும். வருடக்கணக்கில் அடுப்பு முன்னால் நின்றால் வால்வு தளரும், சிரை சுருளும், தோல் கறுத்து மெலியும், கடைசியில் புண் வரும் அல்லது வெடிக்கும். இதற்குச் சத்து ஊசி என்ன செய்யும்?

துண்டு கட்டிய கதைக்கு வருகிறேன். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயான தமனி ஆழத்தில் இருக்கிறது, துண்டுக் கட்டுக்கு அது அடைபடாது. ரத்தம் காலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், மேலே திரும்பும் வழி மட்டும் அடைபடும். வெடித்த ஓட்டை ஒன்றுதான் வெளியே போகும் வழி. அந்த அம்மாவுக்கு இதைப் படம் வரைந்து சொன்னபோது அழுதுவிட்டார். அவர் தப்பு இல்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

சிரை வெடித்தால் உடனே படுக்கவையுங்கள். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் ரத்தம் வரும் இடத்திலேயே பத்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்ப வேண்டாம். நின்றதும் துணியை வைத்துக் கட்டி, காலைத் தூக்கியபடியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தைலம் போட்டு உருவிவிடவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் அடைத்தால் உயிரே போகும். சிரையில் ரத்தம் தேங்காமல் காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை எழுதிக் கொடுத்திருந்தால், அதைக் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் தமனி ஓட்டத்தைச் சோதித்துக்கொள்ளாமல் அதை வாங்கி மாட்ட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

கெட்டுப்போன சிரையை அடைத்துவிடலாம் என்று சொன்னால், "அந்த நரம்பை அடைச்சுட்டா கால் விளங்காம போயிடுமா?" என்று பயப்படுகிறார்கள். போகாது. பைபாஸ் ஆபரேஷனுக்கு இதயத்தில் வைத்துத் தைப்பதற்குப் பெரும்பாலும் காலிலிருந்து எடுப்பதே இந்தச் சிரையைத்தான். ஆழத்துச் சிரைகள் நன்றாக இருந்தால் அவையே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். பிறகு லேசர் சிகிச்சை போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

டீ மாஸ்டருக்கு ஸ்கேன் முடிந்துவிட்டது, ஆழத்துச் சிரைகள் நன்றாகவே இருக்கின்றன. கடையில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்கச் சொன்னேன், தயங்கினார். வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முதலாளியை என்னிடம் பேசச் சொல்லியிருக்கிறேன்.